எண்ணூர்ச் சேற்றில் ஒரு பழைய பலகை: கார்பன் டேட்டிங் செய்தால் வயது தெரிந்துவிடுமா?

#1 எண்ணூர்முத்து
வெள்ளி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை.

எண்ணூரில் என் மாமா வீடு கழிமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் தண்ணீர் நன்றாக வற்றிய நேரத்தில் வலை இழுக்கப் போனவர்களின் காலில் ஏதோ இடித்திருக்கிறது. கையால் தோண்டிப் பார்த்தால் கன்னங்கரேல் என்று ஒரு பலகை. எட்டடி நீளம் இருக்கும். ஒரு பக்கம் லேசாக வளைந்திருக்கிறது. இரண்டு ஓரத்திலும் வரிசையாகத் துளைகள். ஆணி எதுவும் தென்படவில்லை. நாலு பேராகச் சேர்ந்து தூக்கி வந்து மாமா வீட்டுக் கொல்லையில் போட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வேறு பேச்சே இல்லை. "சங்ககால நாவாய்" என்று சித்தப்பா தீர்ப்பே எழுதிவிட்டார். "கீழடி மாதிரி அமெரிக்காவுக்கு ஒரு துண்டு அனுப்பினால் வருடத்தோடு சொல்லிவிடுவான்" என்கிறார். என் கேள்வி இதுதான்: உண்மையிலேயே சொல்லிவிடுவார்களா? எவ்வளவு மரம் வெட்டிக் கொடுக்க வேண்டும்?

#2 கடலைமிட்டாய்
வெள்ளி, இரவு 9:52

நாவாயோ தெரியாது. என் பாட்டி வீட்டு முறுக்கு மணை கூட இதே நிறம்தான், வயது நாற்பது. போட்டோ போடுங்கள் முத்து.

#3 வத்தை
வெள்ளி, இரவு 10:15

முத்து, நான் காசிமேடு. அப்பா, தாத்தா எல்லாம் படகு கட்டியவர்கள். நான் ஃபைபர் ரிப்பேர் பார்க்கிறேன். சுனாமிக்குப் பிறகு மரவேலைக்கு ஆளே வருவதில்லை.

ஓரத்தில் வரிசைத் துளை, ஆணி இல்லை என்றால் அது தைத்த படகின் பலகையாக இருக்கலாம். பலகையோடு பலகையைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைப்பது. ஆனால் தைத்த படகு என்றதும் சங்ககாலத்துக்கு ஓடாதீர்கள். இதே மெட்ராஸ் கரையில் மசூலாப் படகு என்று ஒன்று இருந்ததே, அது முழுக்கத் தையல்தான். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பல் தூரத்தில் நிற்கும். வெள்ளைக்காரத் துரை முதல் சரக்கு மூட்டை வரை எல்லாம் மசூலாவில்தான் கரைக்கு வரும். நம் அலை அடிக்கிற அடிக்கு ஆணி அடித்த படகு பிளந்துவிடும். தைத்தது வளைந்து கொடுக்கும். துறைமுகம் வந்த பிறகும் கரைவலை போட அதை வைத்திருந்தார்கள். அப்பா சின்ன வயதில் பார்த்திருக்கிறார்.

அதனால் துளையை வைத்து வயது சொல்ல முடியாது. 2000 வருடமாகவும் இருக்கலாம், 70 வருடமாகவும் இருக்கலாம்.

#4 அலைவாய்
வெள்ளி, இரவு 10:31

தொல்லியல் முதுகலை முடித்தவள். வயதெல்லாம் அப்புறம். முத்து, அந்தப் பலகை இப்போது வெயிலில் கிடக்கிறதா?

சேற்றில் ஊறிய மரத்தின் உள்ளே மரச்சத்து பாதி கரைந்து போயிருக்கும், அந்த இடத்தைத் தண்ணீர்தான் தாங்கிக்கொண்டிருக்கும். காய்ந்தால் தண்ணீர் போகும், மரம் சுருங்கும், முறுக்கும், பாளம் பாளமாக வெடிக்கும். அப்புறம் யாராலும் சரிசெய்ய முடியாது. ஸ்வீடனில் 1628-இல் மூழ்கிய வாசா கப்பலை 1961-இல் மேலே எடுத்தார்கள். காய விடாமல் பதினேழு வருடம் அதன்மேல் மெழுகு போன்ற ஒரு ரசாயனத்தைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். அவ்வளவு பாடு.

இன்றைக்கே செய்ய வேண்டியது: நனைந்த கோணிப்பை சுற்றி, மேலே பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு நிழலில் வையுங்கள். கழிமுகத் தண்ணீரையே ஊற்றுங்கள். தயவுசெய்து எதையும் பூசாதீர்கள்.

#5 எண்ணூர்முத்து
வெள்ளி, இரவு 10:44

//எதையும் பூசாதீர்கள்//

மேடம், அது வந்து... கறையான் ஏறிவிடும் என்று மாமா நேற்றே வண்டியின் கழிவு ஆயிலில் டீசல் கலந்து ஒரு கோட் அடித்துவிட்டார். மேல் பக்கம் மட்டும்தான். அடிப்பக்கம் திருப்பவில்லை.

#6 கடலைமிட்டாய்
வெள்ளி, இரவு 10:46

மாமா வாழ்க.

#7 கரிமக்கிழவர்
சனி, காலை 6:10

தூக்கம் கலைந்துவிட்டது, எழுதிவிடுகிறேன். முப்பது வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றில் இருக்கும் கரியமில வாயுவில் மிகச் சொற்ப அளவு கார்பன்-14 உண்டு. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் மோதி அதை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. மரம் உயிரோடு இருக்கும்வரை அது உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இறந்தபின் வரவு நிற்கிறது, செலவு மட்டும் தொடர்கிறது. 5730 ஆண்டில் பாதி, இன்னும் ஒரு 5730-இல் கால். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் கணக்கு எப்போது மூடியது என்று சொல்லலாம். சுமார் 50,000 ஆண்டு வரைக்கும் தாங்கும், அதற்கு மேல் அளக்க எதுவும் மிஞ்சாது. திருவக்கரைக் கல்மரத்தை இதில் சோதித்தால் என்ன என்று ஒவ்வொரு வருடமும் ஒரு மாணவன் கேட்பான். அது கோடி ஆண்டுக் கணக்கு, அதோடு மரமே கல்லாகிவிட்டது.

உங்கள் கேள்விக்குப் பொருத்தமாக ஒன்று. லிபி என்ற அமெரிக்கர் 1949-இல் இந்த முறை வேலை செய்கிறதா என்று பார்க்க, வயது ஏற்கெனவே தெரிந்த மரத்துண்டுகளை எடுத்துச் சோதித்தார். அதில் ஒன்று எகிப்து மன்னன் மூன்றாம் செசோஸ்ட்ரிஸின் ஈமப் படகின் தளப்பலகை. ஏறக்குறைய 3750 ஆண்டுப் பழசு. ஆக, கார்பன் டேட்டிங் பிறந்தபோதே ஒரு படகைத் தொட்டுக்கொண்டுதான் பிறந்தது. 1960-இல் லிபிக்கு நோபல் பரிசு.

அந்தக் காலத்தில் கைப்பிடி அளவு மரத்தை எரிக்க வேண்டும். இப்போது ஏ.எம்.எஸ். (முடுக்கி நிறை நிறமாலை) முறையில் அணுக்களை நேரடியாக எண்ணுகிறார்கள், பத்து இருபது மில்லிகிராம் மரம் போதும். அதற்கு அமெரிக்காவும் போக வேண்டியதில்லை. டெல்லியிலும் புவனேஸ்வரிலும் அந்த இயந்திரம் இருக்கிறது.

இனி மாமாவின் ஆயில் விஷயம். பெட்ரோலியம் என்பது பல கோடி ஆண்டுக்கு முன் செத்த உயிர்களின் கார்பன். அதில் கார்பன்-14 சுத்தமாகக் கிடையாது. நேற்று வெட்டிய மரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு இந்தச் செத்த கார்பன் கலந்தால் வயது சுமார் 80 ஆண்டு கூடிக் காட்டும். பத்துப் பங்கு கலந்தால் 850 ஆண்டு. 22 பங்கு கலந்தால் 2000 ஆண்டு.

முத்து, உங்கள் சித்தப்பாவுக்குச் சங்ககாலப் படகு வேண்டுமென்றால் மாமா இன்னும் இரண்டு கோட் அடித்தால் போதும்.

#8 சந்தேகப்பிராணி
சனி, காலை 8:20

//22 பங்கு கலந்தால் 2000 ஆண்டு//

இதைத்தான் நான் ரொம்ப நாளாகச் சொல்கிறேன். ஒரு டப்பா ஆயிலில் 2000 வருடம் ஏறும் என்றால் இந்த டேட்டிங்கை எப்படி நம்புவது? நம் ஊர் அகழாய்வுத் தேதிகள் எல்லாமே இப்படித்தானே வந்தவை?

#9 கரிமக்கிழவர்
சனி, காலை 9:05

ஐயா, பால் கெட்டுப்போகும் என்பதற்காகக் காபி குடிப்பதை நிறுத்துகிறோமா? ஆய்வகத்தில் மாதிரியை அப்படியே எரித்துவிட மாட்டார்கள். மேல்தோலைச் சீவி எறிவார்கள். அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவுவார்கள். எண்ணெய், பிசின் இருந்தால் கரைப்பான்களில் ஊறவைத்து எடுப்பார்கள். கடைசியில் மரத்தின் செல்லுலோஸை மட்டும் பிரித்து அதை அளப்பார்கள். செல்லுலோஸ் மரத்தின் சொந்தச் சரக்கு, வெளியிலிருந்து வந்து ஒட்டாது.

இதற்கு நல்ல உதாரணம் சைப்ரஸில் கிடைத்த கைரீனியா கப்பல். கிரேக்க வணிகக் கப்பல், 1965-இல் ஒரு முக்குளிப்பவர் கண்டுபிடித்தார். மேலே எடுத்ததும் அலைவாய் சொன்ன அந்த மெழுகு ரசாயனத்தில் ஊறப்போட்டார்கள். மரம் பிழைத்தது. ஆனால் அந்த ரசாயனமும் பெட்ரோலியத்திலிருந்து வருவது, அதனால் தேதி போயிற்று. சுமார் அறுபது வருடம் கழித்து, 2024-இல்தான் ஒரு குழு அதைக் கழுவி நீக்க வழி கண்டு மறுபடி அளந்தது. அந்தக் கப்பலில் சரக்காக ஏற்றியிருந்த பாதாம் பருப்பு நிறையக் கிடைத்திருந்தது. அதையும் அளந்தார்கள். கடைசிப் பயணம் கி.மு. 296-க்கும் 271-க்கும் இடையில் என்று வந்தது.

இங்கே பாதாம் ஏன் என்று யோசியுங்கள். பாக்கியை மத்தியானம் எழுதுகிறேன், வீட்டில் ரேஷன் கடைக்குப் போகச் சொல்கிறார்கள்.

#10 அலைவாய்
சனி, காலை 11:30

ஐயா ரேஷனிலிருந்து வருவதற்குள் பாதாமை நான் எடுத்துக்கொள்கிறேன்.

"படகின் வயது" என்று ஒன்றே ஒன்று இருப்பதாக நினைத்துக் கேட்கிறோம். குறைந்தது நான்கு இருக்கிறது. மரம் வளர்ந்த காலம். மரத்தை வெட்டிப் படகு கட்டிய காலம். பழுது பார்த்த காலம். மூழ்கிய காலம். ஆய்வகம் மரத்துண்டை வாங்கிக்கொண்டு சொல்வது முதலாவதை மட்டும்தான்.

மரத்தில் ஒவ்வொரு வளையமும் அந்தந்த வருடமே கணக்கை மூடிக்கொள்கிறது. வெளியே மரம் தழைத்துக்கொண்டிருந்தாலும் நடுத்தண்டு இருநூறு வருடத்துக்கு முன்பே முடிந்துபோன கதை. படகு கட்டும் ஆசாரி என்ன செய்வார்? வெளியே இருக்கும் வெள்ளை மரம் சீக்கிரம் உளுத்துவிடும் என்று செதுக்கி எறிந்துவிட்டு, வைரம் பாய்ந்த உள்மரத்தைத்தான் பலகை போடுவார். நல்ல ஆசாரியாக இருந்தால் நமக்குத் தேதி கெட்டது! இருநூறு வயதுத் தேக்கின் நடுப்பலகையைச் சோதித்தால் படகு கட்டியதற்கு இருநூறு வருடம் முன்னால் போய் நிற்கும். போதாததற்கு, பழைய படகைப் பிரித்துப் புதுப் படகில் பலகை போடுவது உலகம் முழுக்க உண்டு. செங்கடல் கரையில் பெரனிகே துறைமுகத்தில் தேக்கு மரங்கள் கிடைத்தன. நம் பக்கத்துத் தேக்கு, கப்பலாகப் போய், பிரிக்கப்பட்டு, அங்கே கட்டடத்தில் உத்தரமாக மாறியிருக்கிறது.

பாதாமுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு பருவத்தில் காய்த்தது, ஒன்றிரண்டு வருடத்துக்குள் கப்பலேறியிருக்கும். அதன் தேதி ஏறக்குறைய மூழ்கிய தேதி. நெல், பாக்கு, கூடை, பாய், கயிறு எல்லாம் இந்த ரகம்தான். அகழாய்வில் மரத்தைவிட இவற்றுக்குத்தான் நாங்கள் ஆலாய்ப் பறப்போம்.

#11 வத்தை
சனி, மதியம் 1:15

மேடம், கயிறு என்றீர்களே, அதில் ஒன்று சொல்ல வேண்டும். தைத்த படகில் கயிறு நிரந்தரம் கிடையாது. உப்புத் தண்ணீரில் நைந்துபோகும், பிரித்து மறுபடி தைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியானால் கயிற்றைச் சோதித்தால் கட்டிய வருடம் வராது. கடைசியாகத் தைத்த வருடம்தான் வரும். சரியா?

இன்னொன்று. மீன் எண்ணெய். சுறா எண்ணெயை மரத்துக்குப் பூசுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பற்று அடிக்கும்போதும் குங்கிலியத்தோடு எண்ணெய் சேரும். அதுவும் மாமா ஆயில் மாதிரி வேலை செய்யுமா?

#12 கரிமக்கிழவர்
சனி, மதியம் 3:40

தம்பி, கயிறு பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வகுப்பில் இப்படி ஒரு பையன் கேட்டிருந்தால் அன்றைக்கு லீவு விட்டிருப்பேன்.

மீன் எண்ணெயும் வயதைக் கூட்டும், ஆனால் பெட்ரோல் அளவுக்கு அல்ல. கடல் ஆழத்தில் இருக்கும் கார்பன் காற்றோடு கலக்காமல் நெடுங்காலம் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் இன்றைக்குப் பிடித்த கடல் மீனும் சோதனையில் சுமார் நானூறு வயதுக் கிழமாகத்தான் தெரியும். அந்த எண்ணெய் மரத்தில் ஊறினால் கொஞ்சம் தள்ளும். கழுவினால் பெரும்பகுதி போய்விடும். குங்கிலியம் மரத்துப் பிசின், அது ஒழுங்கான பிள்ளை. பாரசீக வளைகுடாப் பக்கத்தில் படகுக்கு இயற்கை நிலக்கீல் பூசினார்கள். குவைத்தில் ஏழாயிரம் ஆண்டுப் பழைய நிலக்கீல் கட்டிகள் கிடைத்தன, ஒரு பக்கம் நாணல் பதிந்த தடம், மறுபக்கம் படகடியில் ஒட்டி வளரும் கொட்டலசு. படகே இல்லை, பூச்சு மட்டும் மிச்சம். ஆனால் நிலக்கீலை நேரடியாகச் சோதித்தால் ஒன்றும் வராது, அதுவும் செத்த கார்பன்தான்.

முத்து, எண்ணூர் என்பதால் ஒரு கவலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கழிமுகம் முழுக்க எண்ணெய் படிந்தது நினைவிருக்கும். பலகை சேற்றுக்குள் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று மாமாவிடம் கேளுங்கள். அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

#13 சந்தேகப்பிராணி
சனி, மாலை 5:02

சரி, கழுவுகிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் ஏன் தேதி ஒரு வருடமாக வராமல் "இதிலிருந்து இதுவரை" என்று வருகிறது? கீழடிக்கு கி.மு. 580 என்று ஒரே எண்ணாகத்தானே சொன்னார்கள்?

#14 கரிமக்கிழவர்
சனி, இரவு 7:25

ஒரே எண்ணாகச் செய்தித்தாளில் வந்தது. ஆய்வக அறிக்கை எதுவும் அப்படி வராது.

காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. சூரியனும் பூமியின் காந்தப்புலமும் அதை ஏற்றி இறக்கும். அதனால் ஆய்வகம் முதலில் ஒரு கச்சா எண் தரும், 1950-ஆம் ஆண்டை இன்று என்று வைத்துக்கொண்டு "இத்தனை ஆண்டு முன்" என்று. அதை வயது தெரிந்த மரவளையங்களிலிருந்து வரைந்த ஒரு வளைகோட்டில் பொருத்தித்தான் நாட்காட்டித் தேதி எடுக்க வேண்டும். வாட்ஸப் ஆய்வாளர்கள் கச்சா எண்ணிலிருந்து 1950-ஐக் கழித்துவிட்டு கி.மு. என்று போட்டுவிடுகிறார்கள்.

அந்த வளைகோடு சில இடத்தில் சரியாமல் தட்டையாகக் கிடக்கும். அப்படி ஒரு பெரிய தட்டை கி.மு. 800-இலிருந்து 400 வரை. உதாரணமாகக் கச்சா எண் 2450, கூடக்குறைய 30 என்று வந்தால், கி.மு. 750-க்கும் 410-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 340 ஆண்டு இடைவெளி! நாம் கீழடி, பழனிப் பக்கத்துப் பொருந்தல் என்று சண்டை போடுகிற காலம் சரியாக இந்தத் தட்டையில்தான் விழுகிறது. யார் தப்பும் இல்லை, சூரியன் செய்த வேலை. அதனால்தான் ஒரு மாதிரியை வைத்து யாரும் வாதாடக் கூடாது. பல மாதிரி வேண்டும், மண்ணடுக்கு வரிசை வேண்டும், பானை எழுத்து வேண்டும்.

#15 சந்தேகப்பிராணி
சனி, இரவு 7:48

அப்படியானால் கீழடித் தேதியைத் தூக்கிப் பிடிக்கும் அரசியல்வாதிகள் எல்லோரும்

[இந்தப் பதிவின் மீதிப் பகுதி நீக்கப்பட்டது. இழை படகைப் பற்றியது. கீழடிக்குத் தனி இழை ஏற்கெனவே 40 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே போகவும். - மட்டுறுத்துநர்]

#16 கடலைமிட்டாய்
சனி, இரவு 8:10

நல்லவேளை. எனக்கு ஒரு சந்தேகம். மரவளையத்தை நேராக எண்ணிவிட்டால் என்ன? இந்தத் தட்டை, கழுவல் எதுவும் வேண்டாமே?

நியூசிலாந்தில் ஒரு தமிழ் மணி கிடைத்ததே, கப்பல் மணி, அதை ஏன் யாரும் சோதிக்கவில்லை?

#17 அலைவாய்
சனி, இரவு 9:20

மணி வெண்கலம். கார்பனே இல்லாத பொருளை என்ன செய்ய? எழுத்து அமைப்பை வைத்துத்தான் பேச முடியும். (இரும்பு ஆணி கிடைத்தால் கதை வேறு. கரி போட்டு உருக்கிய இரும்பில் அந்தக் கரியின் கார்பன் கொஞ்சம் கலந்திருக்கும், அதை அளக்க முடியும்.)

மரவளையம் நல்ல கேள்வி. ஐரோப்பாவில் அதுதான் ராஜா. மழை நன்றாகப் பெய்த வருடம் வளையம் அகலம், வறண்ட வருடம் ஒல்லி. இந்த அகல ஒல்லி வரிசை பார்கோடு மாதிரி. பல ஆயிரம் வருடத்துக்கு வரிசை தயாராக வைத்திருக்கிறார்கள், அதில் படகுப் பலகையைப் பொருத்திப் பார்த்தால் வருடமே வந்துவிடும். டென்மார்க்கில் ரோஸ்கில்டேப் பக்கம் 1962-இல் ஐந்து வைக்கிங் கப்பல்களைக் கடலடியிலிருந்து எடுத்தார்கள். அதில் பெரியதன் வளையங்கள் டென்மார்க் வரிசையோடு பொருந்தவில்லை, அயர்லாந்து ஓக் வரிசையோடு பொருந்தின. 1042-இல் டப்ளின் பக்கம் கட்டிய கப்பல் என்று தெரிந்தது. கார்பனால் காலம்தான் சொல்ல முடியும், வளையம் ஊரையும் சொல்லும்.

நம் ஊரில் சிக்கல் என்னவென்றால், குளிர்காலத்தில் வளர்ச்சி நின்று கோடு விழுவது மாதிரி இங்கே பெரும்பாலான மரங்களில் தெளிவாக விழாது. தேக்கு விதிவிலக்கு, இலை உதிர்த்து ஓய்வெடுக்கும். புணேயில் இருக்கும் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் கேரளத் தேக்குகளில் 1481 முதல் 2003 வரை 523 ஆண்டு வரிசை எடுத்திருக்கிறார்கள், மழை வரலாற்றுக்காக. அதற்கு முன்னால் போகப் பழைய தேக்கு வேண்டும். பழைய படகுகளே அந்தத் தேக்காக இருக்கலாம், ஆனால் நம் கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு விட்டுவைத்தால்தானே!

பனைக்கு வளையமே கிடையாது. பூம்புகார்ப் பக்கம் கீழையூரில் 1960-களில் செங்கல் படகுத்துறை ஒன்றைத் தோண்டியபோது நட்டு வைத்த மரக்கம்பங்கள் கிடைத்தன. எண்ண வளையம் இல்லை, கார்பன்தான் கைகொடுத்தது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டையொட்டி வந்தது, கூடக்குறைய நூறு ஆண்டு என்ற பிழை எல்லையோடு. அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது.

முழுப்படகு என்று பார்த்தால் நமக்குப் பக்கத்தில் கேரளம்தான். பட்டணம் அகழாய்வில் 2007-இல் ஆறு மீட்டர் நீள அயினி மர வள்ளம் ஒன்று கிடைத்தது, ஒரே மரத்தைக் குடைந்தது. பக்கத்திலேயே படகு கட்டும் தேக்குக் கட்டைகள். கிறிஸ்து பிறப்பையொட்டிய காலம். பழைய சேரத் துறைமுகமான முசிறி என்று பலர் நம்பும் இடம். சேற்றில் காற்றுப் படாமல் புதைந்ததால் பிழைத்தது.

#18 கரிமக்கிழவர்
சனி, இரவு 9:55

அலைவாய் விட்ட ஒரு துணுக்கு. கி.பி. 774-இலும் 993-இலும் காற்றில் கார்பன்-14 திடீரென்று எகிறியிருக்கிறது, சூரியப் பெரும்புயலாக இருக்கலாம். ஜப்பானைச் சேர்ந்த மியாகே என்ற அம்மையார் 2012-இல் முதலாவதைக் கண்டுபிடித்தார். அந்த வருடத்து வளையம் உலகத்தில் எந்த மரமானாலும் காட்டிக்கொடுத்துவிடும். கனடாவில் வைக்கிங் குடியிருப்பில் கிடைத்த மரத்துண்டில் 993-ஐ அடையாளம் கண்டு, அங்கிருந்து பட்டை வரை 28 வளையம் எண்ணினார்கள். 1021-இல் வெட்டிய மரம். உள்ளூர் வரிசை எதுவும் தேவைப்படவில்லை. 993 என்பது ராஜராஜ சோழன் காலம்! அவர் கப்பல் பலகை ஒன்று பட்டை ஓரத்தோடு கிடைத்துத் தொலைக்கக் கூடாதா என்று நான் ஏங்குவதுண்டு.

#19 எண்ணூர்முத்து
ஞாயிறு, காலை 10:30

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நன்றி. நேற்றே எண்ணூர் போய்க் கோணி சுற்றிவிட்டேன். மாமாவுக்கு ஆயில் விஷயத்தைச் சொன்னேன். "நல்லது செய்தாலும் குற்றமா?" என்று அத்தையிடம் புலம்புகிறார். பலகை முழங்கால் ஆழத்துச் சேற்றில் இருந்ததாம்.

மெதுவாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தோம். ஆயில் படவில்லை. போட்டோ இணைத்திருக்கிறேன். துளைகள் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, சாண் அளவுக்கு இரண்டு மூன்று. நடுவில் வில் மாதிரி வளைந்த மெல்லிய கோடுகள் ஒரே சீராக ஓடுகின்றன. அலங்காரம் என்கிறார் சித்தப்பா.

#20 வத்தை
ஞாயிறு, காலை 10:52

போட்டோவை அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு நிமிடம்தான் பார்த்தார்.

அலங்காரம் இல்லை முத்து. வட்ட ரம்பத் தடம். கைரம்பத்தில் அறுத்தால் கோடு நேராகச் சாய்வாக, ஒன்றுக்கொன்று ஒழுங்கில்லாமல் இருக்கும். வாச்சியால் செதுக்கினால் சின்னச் சின்னப் பள்ளம் தெரியும். வில் போல ஒரே வளைவில் கோடு விழுந்தால் மர அறுவை ஆலையில் சுழலும் ரம்பத்தில் அறுத்த பலகை. 19-ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் கொண்டுபோக முடியாது. அப்பா "எங்க காலத்துப் பலகைதான்டா" என்கிறார்.

#21 கடலைமிட்டாய்
ஞாயிறு, காலை 10:55

ஒரு நிமிடம். கண்ணாடி மட்டும். செலவு பூஜ்யம்.

#22 கரிமக்கிழவர்
ஞாயிறு, காலை 11:40

அந்தப் பெரியவருக்கு என் வணக்கம்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ரம்பத் தடம் கி.பி. 1800-க்குப் பின் என்கிறது. தையல் படகு புழக்கம் விட்டது 1900-களின் நடுவில். நம் கார்பன் முறைக்கு மிக மோசமான காலம் இதுதான். 1650-க்கும் 1950-க்கும் இடையில் வளைகோடு ஏறி இறங்கிக் குழப்பும், போதாக்குறைக்கு ஆலைகள் நிலக்கரி எரித்துச் செத்த கார்பனைக் காற்றில் கொட்டின. ஆய்வகத்துக்கு அனுப்பினால் "கடந்த முந்நூறு ஆண்டுக்குள்" என்று ஒரு பதில் வரும். 5000 வருடப் படகுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் முறை, தாத்தா காலத்துப் படகுக்கு முழிக்கும்.

1955-க்குப் பிறகு என்றால் மறுபடி சுலபம். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறி 1963-64 வாக்கில் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது, பின் இறங்கத் தொடங்கியது. அந்தக் காலத்தில் வளர்ந்த எதையும் ஒன்றிரண்டு வருடப் பிழைக்குள் சொல்லிவிடலாம். ஆனால் பலகை மரம் அதற்கு முன்பே வளர்ந்ததாகத்தான் இருக்கும், அதனால் உதவாது.

#23 சந்தேகப்பிராணி
ஞாயிறு, மதியம் 12:10

ஆக நாவாய் இல்லை. தூக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள் முத்து. அடுப்புக்காவது ஆகும்.

#24 அலைவாய்
ஞாயிறு, மதியம் 12:25

ஐயோ, அடுப்பா! டீசல் ஊறியது, வீடே போய்விடும்.

மசூலா இருந்தது என்று எழுதியிருக்கிறது, படம் வரைந்திருக்கிறது, போட்டோ இருக்கிறது. கையில் தொட்டுப் பார்க்க ஒரு பலகை நம் ஊரில் எத்தனை பேரிடம் இருக்கிறது? 2025-இல் கடற்படைக்காக ஒரு தைத்த கப்பலைப் புதிதாகக் கட்டினார்கள். பார்த்துக் கட்ட ஒரு பழைய கப்பலும் இல்லாமல் அஜந்தா ஓவியத்தை வைத்துக்கொண்டுதான் தொடங்கினார்கள். அதன் மாதிரி வடிவத்தை நீரில் சோதித்தது இங்கே ஐ.ஐ.டி. மெட்ராஸில்தான்.

முத்து, சட்டப்படியும் சொல்லிவிடுவது நல்லது. மண்ணில் கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டே சட்டம் போட்டிருக்கிறார்கள். தாசில்தார் அலுவலகத்தில் ஒரு மனு கொடுங்கள். எழும்பூரில் இருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் போட்டோவோடு ஒரு கடிதம். எடுத்த இடத்தை மாமாவிடம் கேட்டு மேப்பில் குறித்து வையுங்கள், பலகையைவிட அது முக்கியம். மிச்சப் படகு அங்கேயே கிடக்கலாம்.

#25 எண்ணூர்முத்து
ஞாயிறு, மாலை 6:15

மனு எழுதிவிட்டேன், நாளைக்குக் கொடுக்கிறேன். குடும்பக் குழுவில் ரம்ப விஷயத்தைப் போட்டேன். சித்தப்பா "சங்ககாலத்திலும் ரம்பம் இருந்தது" என்று ஒரு ஃபார்வர்டு அனுப்பியிருக்கிறார்.

#26 வத்தை
ஞாயிறு, இரவு 8:05

முத்து, அப்பா அந்தப் பலகையை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். 81 வயது, மூட்டுவலி, ஆனாலும் விடமாட்டேன் என்கிறார். அடுத்த ஞாயிறு அழைத்து வரலாமா? துளைக்குள்ளே பழைய கயிறு ஏதாவது சிக்கியிருக்கிறதா பார் என்று கேட்கச் சொன்னார். முறுக்கைப் பார்த்தால் எந்த ஊர்த் தையல் என்று சொல்லிவிடுவாராம்.

#27 எண்ணூர்முத்து
ஞாயிறு, இரவு 8:31

தாராளமாக வாருங்கள் அண்ணா. மாமாவிடம் சொல்லிவிட்டேன், அத்தை இறால் தொக்கு செய்கிறார்களாம்.

மாமாவிடம் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். மூன்று துளைகளில் கறுப்பாக நார் மாதிரி ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறதாம். குச்சியால் நெம்பி எடுத்து வைக்கட்டுமா என்கிறார்.

#28 கரிமக்கிழவர்
ஞாயிறு, இரவு 8:33

வேண்டாம்! குச்சியைக் கீழே போடச் சொல்லுங்கள். கையும் வைக்கக் கூடாது. கயிறு 1955-க்குப் பிறகு திரித்ததாக இருந்தால் கடைசித் தையல் எந்த வருடம் என்று சொல்லிவிடலாம். ஆயில் பட்ட பக்கமா, படாத பக்கமா?

#29 எண்ணூர்முத்து
ஞாயிறு, இரவு 8:50

இரண்டில் பட்டிருக்கிறது. ஒன்றில் படவில்லை போலிருக்கிறது.